இலக்கத்தைப் பார்க்க முன் பிள்ளையைப் பாருங்கள்



சீனி வருத்தம் என்றதும் நம் கண்முன் வருவது வீட்டிலுள்ள பெரியவர்கள்தான். சீனி போடாத பிளேன்டீ, காலை மாலைக் குளிசை, மாதம் ஒரு முறை கிளினிக் என்று அந்த வருத்தம் பல வீடுகளில் குடும்பத்தில் ஒன்றாகவே ஆகிவிட்டது. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் வருகின்ற சீனி வருத்தம் ஒன்று உண்டு. அதை முதலாம் வகை நீரிழிவு என்பார்கள். உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி வழி தவறி, சதையியில் இன்சுலின் சுரக்கும் கலங்களையே அழித்து விடுவதால் வருவது அது. உம்மா இனிப்புக் கொடுத்து வளர்த்ததால் வந்ததல்ல. பிள்ளை குழப்படி செய்து சாப்பிட்டதால் வந்ததுமல்ல. இதை முதலில் மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

1922 ஜனவரியில் கனடாவின் டொரொன்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குத்தான் முதன் முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர் இந்த வருத்தம் வந்த பிள்ளைகள் மெலிந்து மெலிந்து ஓரிரு வருடங்களில் மௌத்தாகி விடுவார்கள். இன்று அவர்கள் படிக்கிறார்கள், பட்டம் பெறுகிறார்கள், கலியாணம் முடித்துப் பிள்ளைகளும் பெறுகிறார்கள். அதற்கு நாள்தோறும் ஊசியும் வேண்டும், அடிக்கடி சீனி அளவைப் பார்ப்பதும் வேண்டும். இம்மாதம் நான் உங்களோடு பேச விரும்புவது அந்தப் 'பார்ப்பது' பற்றித்தான். அது பிள்ளையின் உடம்புக்கு என்ன செய்கிறது என்பதை டாக்டர்மார் சொல்லித் தருவார்கள். பிள்ளையின் உள்ளத்துக்கு என்ன செய்கிறது என்பதை வீட்டிலிருக்கும் நாம்தான் கவனிக்க வேண்டும்.

கருவி வளர்ந்த கதை

ஒரு காலத்தில் சீனி பார்ப்பதென்றால் சிறுநீரை நீல நிற மருந்தோடு சேர்த்துக் குழாயில் சூடாக்கி, பச்சையா, மஞ்சளா, செங்கல் நிறமா என்று பார்ப்பதுதான். அது சில மணித்தியாலங்களுக்கு முந்திய நிலையைத்தான் சொல்லும். 1960களில் இரத்தத் துளியை வைத்துப் பார்க்கும் பட்டி வந்தது. 1970இல் அதை வாசிக்கும் மீற்றர் வந்தது. அது டாக்டர்மாருக்கென்று செய்யப்பட்ட பாரமான கருவி. நோயாளர் அதை வீட்டில் வைத்துத் தாமே பார்க்கும் வழக்கம் 1970களின் இறுதியில்தான் பரவத் தொடங்கியது.

1993இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1441 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்வொன்றின் முடிவு வெளிவந்தது. சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண் பாதிப்புப் புதிதாக வரும் ஆபத்து 76 வீதம் குறைந்திருந்தது. ஆனால் அவர்களுக்கே சீனி ஒரேயடியாக இறங்கி ஆபத்தாகும் நிலை ஏறத்தாழ மூன்று மடங்காகவும் இருந்தது. கூடினாலும் பயம், குறைந்தாலும் பயம் என்று பெற்றோர் இருதலைக் கொள்ளி எறும்பானார்கள்.

அந்தப் பயத்துக்கு மருந்தாக வந்ததுதான் சென்சர். 1999இல் அமெரிக்காவில் முதலாவது தொடர் அளவீட்டுக் கருவிக்கு அனுமதி கிடைத்தது. 2014இல் ஃப்ரீஸ்டைல் லிப்ரே ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. மேற்கையில் ஒட்டும் சிறு வட்டம் அது. அதிலிருந்து மயிர் போன்ற மெல்லிய இழையொன்று தோலுக்குக் கீழே போய் அங்குள்ள திரவத்தில் சீனியை அளக்கும். ஒரு தடவை ஒட்டினால் பத்து, பதினான்கு நாள் இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளக்கும் கருவி நாளொன்றுக்கு 288 இலக்கம் தரும். விரலில் குத்தினால் நாலைந்து இலக்கம், இதில் 288! பிரித்தானியாவில் முதலாம் வகை நீரிழிவுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைக் கொடுக்க வேண்டுமென்று 2022இல் வழிகாட்டல் வந்தது. நம் நாட்டில் இன்னும் அநேகமான பிள்ளைகள் விரலில் குத்தித்தான் பார்க்கிறார்கள். வசதியுள்ள வீடுகளில் கைக்காசு போட்டு வாங்குகிறார்கள். சிலருக்கு வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அனுப்பி வைக்கிறார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்தக் கருவியால் பிள்ளைக்குக் கிடைக்கும் ஆறுதல் பெரிது. விரல் நுனிகள் குத்துப்பட்டுத் தடித்துப் போவது குறைகிறது. நடுச்சாமத்தில் பிள்ளையை எழுப்பிக் கையைப் பிடித்துக் குத்த வேண்டியதில்லை. சீனி இறங்க முன்னரே அறிவிப்பு வருகிறது. அதனால் பிள்ளை தைரியமாக ஓடி விளையாடலாம். உம்மம்மா வீட்டில் ஒரு நாள் தங்கலாம். ஆகவே கருவியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதை நாம் கையாளும் விதத்தைப் பற்றித்தான் என் பேச்சு.

இலக்கம் புள்ளியாகும்போது

இப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். பத்து வயது மகள் பாடசாலை விட்டு வருகிறாள். சப்பாத்தைக் கழற்ற முன் உம்மாவின் முதல் கேள்வி: "எவ்வளவு இருக்கு?" இலக்கம் 260. அடுத்த கேள்வி: "என்னத்தத் தின்ட?" வகுப்பில் கூட்டாளிக்குப் பரிசு கிடைத்தது, தான் கீழே விழுந்து முழங்காலில் அடிபட்டது என்று அவள் சொல்ல வைத்திருந்ததெல்லாம் அப்படியே உள்ளுக்குள் நின்று விடுகிறது. அந்த உம்மா கல் நெஞ்சக்காரி அல்ல. பயத்தில் கேட்கிறாள். ஆனால் பிள்ளையின் காதில் விழுவது பயமல்ல, குற்றச்சாட்டு.

நம் பிள்ளைகள் இலக்கத்தைப் புள்ளியாகவே பார்த்துப் பழகியவர்கள். தவணைப் பரீட்சை, ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் என்று சின்ன வயதிலேயே இலக்கத்தை வைத்துப் பாராட்டும் ஏச்சும் வாங்கியவர்கள். சீனியின் இலக்கத்துக்கும் அதே முகத்தை நாம் காட்டினால், 120 என்றால் தான் நல்ல பிள்ளை, 260 என்றால் தான் கூடாத பிள்ளை என்றே அது விளங்கிக் கொள்ளும். பரீட்சையாவது தவணைக்கு ஒரு முறை. இது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை.

உண்மையில் அந்த இலக்கம் சாப்பாட்டால் மட்டும் ஏறி இறங்குவதல்ல. காய்ச்சல் வந்தால் ஏறும். பரீட்சைப் பயத்தால் ஏறலாம். பருவமடையும் வயதில் உடலில் சுரக்கும் ஓமோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதால், பிள்ளை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் ஏறும். 2019இல் சர்வதேச நிபுணர்கள் கூடி ஓர் இலக்கு வைத்தார்கள். நாளில் 70 வீதத்துக்கு மேற்பட்ட நேரம் சீனி 70க்கும் 180க்கும் இடையில் நின்றால் போதும் என்பது அது. கணக்குப் பாருங்கள். நாளில் ஏழு மணித்தியாலம் அந்த எல்லைக்கு வெளியே நின்றாலும் அந்தப் பிள்ளை இலக்கை அடைந்த பிள்ளைதான். அந்த ஏழு மணித்தியாலத்துக்கும் நாம் ஏசினால் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்?

ஏச்சுக்குப் பயந்த பிள்ளை என்ன செய்யும்? மறைக்கும். இது பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குணமுமல்ல. 1984இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். நோயாளருக்குக் கொடுத்த மீற்றருக்குள் அவர்கள் அறியாமல் நினைவுச் சில்லு ஒன்றை வைத்தார்கள். அவர்கள் கொப்பியில் எழுதிக் கொடுத்ததும் கருவிக்குள் இருந்ததும் பலரிடத்தில் ஒத்துப் போகவில்லை. பார்க்காத அளவையும் பார்த்ததாக எழுதியிருந்தார்கள். கூடிய இலக்கத்தைக் குறைத்தும் எழுதியிருந்தார்கள். டாக்டரின் முகம் சுருங்கிவிடுமே என்ற பயம் வளர்ந்தவர்களையே அப்படிச் செய்ய வைத்தால், உம்மாவின் முகத்துக்குப் பயப்படும் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? மறைத்த இலக்கத்துக்கு ஊசி போட முடியாது. இந்த வருத்தத்தில் உயிருக்கு ஆபத்து நுழையும் வாசல்களில் அதுவும் ஒன்று.

எந்நேரமும் ஒரு கண்

சென்சரின் இலக்கத்தைத் தூரத்திலிருந்தும் பார்க்கலாம். பிள்ளை பாடசாலையில், உம்மாவின் போனில் இலக்கம். 2013இல் அமெரிக்கத் தகப்பன் ஒருவர், சின்ன மகனின் அளவை வேலைத்தளத்திலிருந்து பார்ப்பதற்காகத் தானே கணினி நிரல் எழுதினார். மற்றப் பெற்றோரும் அதைப் பின்பற்றினார்கள். பின்னர் கம்பனிகளே அந்த வசதியைச் செய்து கொடுத்தன. பெற்ற மனம் தேடிய வழி அது.

சின்னப் பிள்ளைக்கு அது பாதுகாப்பு. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்கோ அது வேறு விதமாகத் தோன்றும். கூட்டாளியோடு ஒரு ரோல்ஸ் சாப்பிட்ட அரை மணித்தியாலத்தில் "என்ன ஏறுது?" என்று கேள்வி வந்தால், தன் உடம்பே தன்னைக் காட்டிக் கொடுக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குக் கோபம் வரும். சிலர் போனை அணைத்து வைப்பார்கள். சிலர் சென்சரையே பிடுங்கிப் போடுவார்கள். இந்தச் சலிப்புக்கு உளவியலில் ஒரு பெயரே உண்டு. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் பொலன்ஸ்கியும் அவரது சகாக்களும் 1995இல் நீரிழிவால் வரும் மன உளைச்சலை அளப்பதற்கு ஒரு கேள்விக்கொத்தையே தயாரித்தார்கள். அது பைத்தியமல்ல, சோம்பலுமல்ல. ஒரு நாள்கூட லீவு இல்லாத வேலையைச் செய்பவருக்கு வரும் களைப்பு.

உம்மாமாருக்கும் அந்தக் களைப்பு உண்டு. இரவில் இரண்டு தடவை மணி அடித்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? சென்சர் ஒட்டிய கையின் மேல் பிள்ளை புரண்டு படுத்தால், அந்த இடம் அழுத்தப்பட்டுச் சீனி இறங்கியதாகப் பொய்யாகக் காட்டுவதும் உண்டு. அது தெரியாமல் தூங்கும் பிள்ளையை உலுக்கி எழுப்பி வாயில் சீனித் தண்ணீர் ஊற்றுவோரும் உண்டு. தோலுக்குக் கீழுள்ள திரவத்தில் அளப்பதால் இரத்தத்திலுள்ள நிலையைச் சென்சர் சில நிமிடங்கள் பிந்தித்தான் காட்டும். எனவே இலக்கம் ஒன்றும் பிள்ளையின் நிலை வேறொன்றுமாக இருந்தால் விரலில் குத்தி ஒரு முறை பார்த்துக் கொள்ளுங்கள். அப்போது வீணான பதற்றம் பாதியாகக் குறையும்.

மறைக்கச் சொல்லிக் கொடுக்காதீர்கள்

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். "பொம்பிளைப் பிள்ளை, வெளியில தெரிஞ்சா நாளைக்கு யாரு கேட்டு வருவாங்க?" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்காக எட்டு வயதுப் பிள்ளையின் சென்சரை நீளக் கைச் சட்டைக்குள் மறைத்து, சாச்சிக்கும் மாமிக்கும் சொல்லாதே என்று வாயைக் கட்டி விடுகிறோம். உடுப்புக்குள் இருப்பது தவறல்ல. ஆனால் வெட்கப்பட வேண்டிய ஏதோ ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று பிள்ளை நம்பிவிட்டால், அந்தப் புண் எந்தக் கருவியிலும் காட்டாது. பாடசாலையில் கைகால் நடுங்கி வியர்க்கும்போதும் அது யாரிடமும் சொல்லாது. கலியாணப் பேச்சு வர இன்னும் பன்னிரண்டு வருடம் இருக்கிறது. சீனி இறங்கினால் பன்னிரண்டு நிமிடம்கூடக் காத்திருக்க முடியாது.

ஆகவே வகுப்பாசிரியைக்கும் ஓதிக் கொடுக்கும் உஸ்தாதுக்கும் பக்கத்தில் இருக்கும் கூட்டாளிக்கும் சொல்லி வையுங்கள். அநேகமான பாடசாலைகளில் பிள்ளைகளுக்குப் போன் கொண்டுபோக அனுமதி இல்லை. அதிபரிடம் நேரில் பேசி, சென்சர் வாசிக்கும் சிறு கருவிக்கும் பையில் ஒரு சீனிப் பானத்துக்கும் அனுமதி எடுத்துக் கொள்ளுங்கள்.

நோன்பு மாதத்தில்

நோன்பு மாதத்தில் இந்தப் பிள்ளைகளின் மனப் போராட்டம் இன்னும் கூடும். வீட்டில் எல்லோரும் ஸஹருக்கு எழும்புகிறார்கள். தங்கச்சிகூட அரை நோன்பு பிடிக்கிறாள். தனக்கு மட்டும் ஏன் இல்லை? இந்த ஏக்கத்தில் சில பிள்ளைகள் இலக்கம் 65 என்று காட்டினாலும் போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு மஃரிபை எதிர்பார்த்துக் கிடக்கும். நோக்கம் நல்லது, விளைவு ஆபத்து.

பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. பருவமடைந்தாலும் நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. களாச் செய்வதா, பித்யாக் கொடுப்பதா என்பதை டாக்டரின் சொல்லை வைத்து ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள். டாக்டரின் சம்மதத்தோடு நோன்பு பிடிப்பவர் விரலில் குத்திப் பார்த்தால் நோன்பு முறிந்துவிடுமோ என்று அஞ்சத் தேவையில்லை. இரத்தம் குத்தி எடுக்கும் ஹிஜாமாவாலேயே நோன்பு முறியாது என்பது நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்டம். ஒரு துளி எம்மாத்திரம்? உணவாகாத மருந்து ஊசியால் நோன்பு முறியாதென்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியும் 1997இல் தீர்மானித்திருக்கிறது. சீனி 70க்குக் கீழ் இறங்கினால் அல்லது 300க்கு மேல் ஏறினால் உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் வழிகாட்டல். அதைத் தோல்வி என்று சொல்லாதீர்கள். சலுகையை எடுத்துக் கொள்வதும் கீழ்ப்படிதல்தான் என்று பிள்ளைக்கு விளங்க வையுங்கள். பள்ளியிலிருந்து வரும் கஞ்சியைக் கோப்பையில் ஊற்றவும், பக்கத்து வீட்டுக்கு இப்தார் தட்டுக் கொண்டு போகவும் அந்தப் பிள்ளையை முன்னுக்கு விடுங்கள். தானும் நோன்பு வீட்டின் ஆள்தான் என்று அது உணரட்டும்.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, பிள்ளை வீட்டுக்குள் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி சீனியைப் பற்றியதாக இருக்க வேண்டாம். "மகள், இண்டைக்கு ஸ்கூல் எப்படி?" என்று கேளுங்கள். முகத்தைப் பாருங்கள். முகம் வெளிறி, வியர்த்து, நடுங்கினால் அப்போது உடனே பார்த்துச் சீனிப் பானம் கொடுங்கள். அப்படியில்லாவிட்டால் இலக்கம் ஐந்து நிமிடம் பொறுக்கும்.

இரண்டாவது, சொல்லை மாற்றுங்கள். 'நல்லம்', 'கூடாது' என்பதை விட்டு, 'கூட', 'குறைய' என்று மட்டும் சொல்லுங்கள். நீரிழிவு பற்றிப் பேசும் சொற்களே நோயாளரைக் காயப்படுத்துகின்றன என்று அவுஸ்திரேலிய நீரிழிவு அமைப்பு 2011இல் ஒரு தனி அறிக்கையே வெளியிட்டது. சொல் சின்னது, அது தைக்கும் இடம் பெரியது.

மூன்றாவது, உண்மையைச் சொன்ன பிள்ளையைப் பாராட்டுங்கள். 320 என்று வந்து சொன்னால், "பார்த்து வந்து சொன்னது நல்லது. இனி என்ன செய்வம்?" என்று கேளுங்கள். இலக்கம் எதுவானாலும் உம்மாவிடம் சொல்லலாம் என்ற நம்பிக்கைதான் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் கட்டும் அரண்.

நான்காவது, மணி விடயத்தில் ஓர் உடன்பாட்டுக்கு வாருங்கள். சீனி இறங்கும்போது அடிக்கும் மணியை ஒருபோதும் நிறுத்த வேண்டாம். ஏறும்போது அடிக்கும் மணி எத்தனையில் அடிக்க வேண்டும் என்பதைக் கிளினிக்கில் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். பாடசாலை நேரத்தில் எப்போது மட்டும் தொடர்பு கொள்வீர்கள் என்பதைப் பிள்ளையோடு பேசித் தீர்மானியுங்கள். இரவுக் காவலை வாப்பாவும் பங்கு எடுக்கட்டும். எல்லாச் சுமையும் உம்மாவின் தலையில் ஏன்?

ஐந்தாவது, "பெரிய பிள்ளைதானே, இனி நீயே பார்த்துக் கொள்" என்று ஒரேயடியாகக் கைவிட்டு விடாதீர்கள். 1990களில் பொஸ்டன் நகரின் ஜொஸ்லின் நீரிழிவு நிலையத்தில் பார்பரா அண்டர்சன் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இளம் பருவத்தினரைப் பற்றி ஆராய்ந்தார்கள். சண்டை போடாமல் கூட நின்று உதவும் பெற்றோரின் பிள்ளைகள்தான் நன்றாகச் சமாளிக்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. அதட்டவும் வேண்டாம், ஒதுங்கவும் வேண்டாம்.

ஆறாவது, பிள்ளை பேச்சைக் குறைத்தால், ஊசியை மறைவாகத் தவிர்த்தால், காரணமின்றி மெலிந்தால், கொப்பியில் உள்ள இலக்கமெல்லாம் ஒரே மாதிரி அழகாக இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். மெலிய வேண்டுமென்று ஊசியைத் தவிர்க்கும் இளம் பெண்களும் இருக்கிறார்கள். அது உயிருக்கே ஆபத்து. சீனி வருத்தமுள்ள பிள்ளையின் மனதைப் பார்ப்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதிதான்.

கடைசியாக, சென்சர் வாங்க வசதியில்லாத உம்மாமாருக்கு ஒரு சொல். உங்கள் பிள்ளைக்கு நீங்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை. பிள்ளையின் உயிரைத் தாங்கி நிற்பது இன்சுலின். அதை அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். விரலில் குத்திப் பார்த்து எழுதும் கொப்பியும் வழி காட்டும். அதைவிட்டுக் காதில் கிடக்கும் நகையை அடகு வைத்து மனம் நோக வேண்டாம். இங்கே நான் சொன்னவை சென்சருள்ள வீட்டுக்கும் கொப்பியுள்ள வீட்டுக்கும் பொதுவானவைதான்.

இலக்கம் சொல்வது பிள்ளையின் இரத்தத்தில் எவ்வளவு சீனி என்பதை மட்டுமே. பிள்ளை பசியோடு இருக்கிறதா, பயத்தோடு இருக்கிறதா, யாரோ பரிகாசம் செய்ததில் மனம் நொந்து இருக்கிறதா என்பதை அளக்கும் கருவியை இன்னும் யாரும் செய்யவில்லை. அது உம்மாவின் கண்ணில்தான் இருக்கிறது. இன்று மாலை பிள்ளை வாசலில் கால் வைக்கும்போது, போனை ஒரு பக்கம் வைத்துவிட்டு அந்தக் கண்ணால் பாருங்கள்.